ஒரு கையால் காட்டக்கூடிய எண்கள்

எஸ்தர் இறந்துபோன செய்தி எனக்குப் பேருந்தில் வந்தது. அன்று எனக்கு வார விடுமுறை. திருவிடைமருதூரில் ஏறி, கும்பகோணம் போகிற வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாய்லர் பாஸ்கரன் கூப்பிட்டார். போனில் அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். பாய்லர் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்தவர் வேறெப்படிப் பேசுவார்? அன்றைக்கு மெதுவாகப் பேசினார். "சார், எஸ்தர் மேடம் போயிட்டாங்க. விடியக்காலைலயாம். தஞ்சாவூர்லேர்ந்து வண்டி கிளம்பிடுச்சு, பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடும்ங்கிறாங்க. நீங்க வந்துடுவீங்கல்ல?" வந்துவிடுகிறேன் என்றேன். ஆனால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கவில்லை. கும்பகோணம் வரைக்கும் போய், செய்யக் கொடுத்திருந்த மூக்குக் கண்ணாடியை வாங்கி, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். சாவு வீட்டுக்குப் போகப் பயந்து கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தவன் எழுதும் அஞ்சலி இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஆலைத் தொழிலாளர் மன்றத்தின் இதழுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டார்கள். "நல்லவிதமா நாலு வார்த்தை எழுதுங்க சார்" என்றார்கள். நல்லவிதமாக எழுதுவதற்கு எஸ்தரிடம் குறைவே கிடையாது. என்னிடம்தான் குறை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த அரிசி ஆலையில் நான் உற்பத்தி மேலாளர். எஸ்தர் செயல்முறைக் கையேட்டுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். நெல்லை ஊறப்போடுவது, அவிப்பது, காயவைப்பது, அரைப்பது, இயந்திரத்தை நிறுத்துவது, தொட்டியைக் கழுவுவது என்று ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைக் காப்பாற்றுவது அவர் வேலை. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். நாற்பத்தேழு வயதில் போய்விட்டார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்களிடம் கையேடு இல்லாமல் இல்லை. நான் எழுதியதுதான். நான்காம் அத்தியாயம், மூன்றாம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு என்று பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு புது டிரையர் வந்தால் நான்காம் அத்தியாயம் ஐந்தாகிவிடும், ஐந்து ஆறாகிவிடும். என் அலமாரியில் மூன்று வருடத்துப் புத்தகங்கள் மூன்று விதமான எண்களோடு அடுக்கியிருந்தன. தொழிலாளர்கள் யாரும் அவற்றைத் திறந்தே பார்த்ததில்லை என்பதால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

எஸ்தர் சேர்ந்த முதல் மாதம் ஒரு வரிகூட எழுதவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நெல் அவிக்கிற அவியல் மேடையில் போய் நின்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாரே என்று நான் முணுமுணுத்தேன். அரைவை ஓடும்போது நம் ஆலையில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் ஆட்கள் கையால்தான் பேசிக்கொண்டார்கள். கீழே நிற்பவர் விரலைக் காட்டுவார், மேலே நிற்பவர் வால்வைத் திருப்புவார். இதில் ஷிஃப்டுக்கு ஒரு பாஷை. காலை ஷிஃப்டில் இரண்டு விரல் காட்டினால் ஒன்று, மாலை ஷிஃப்டில் அதே இரண்டு விரலுக்கு வேறொன்று. பத்து வருடம் மேலாளராக இருந்த எனக்கு இது தெரியாது. எஸ்தர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

ஆக, எண்களை இவர்கள் விரலிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒன்றிலிருந்து வரிசையாகக் கொடுக்கப் போனவரைத் தடுத்தது ஊறல் தொட்டியில் வேலை பார்த்த அஞ்சலை. ஏணியில் நின்றபடி ஆறு என்று காட்டுங்கள், பார்க்கலாம் என்று எஸ்தர் கேட்டதும் அஞ்சலை சிரித்துவிட்டார். "ஆறு காட்டணும்னா ரெண்டு கையும் வேணும்ல மேடம்? கம்பிய விட்டுட்டா ஆறு இருக்கும், அஞ்சலை இருக்க மாட்டா." அன்றோடு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது நான்கும் கையேட்டை விட்டுப் போயின. ஐந்துக்கு அடுத்தது பத்து. பதினைந்துக்கு அடுத்தது இருபது. ஐம்பத்தைந்துக்கு அடுத்தது நூறு. ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மறு கையால் ஒவ்வோர் இலக்கமாகக் காட்ட வேண்டும். மூடிய கை பூஜ்யம். ஒரு வால்வைத் திறப்பதற்கு இருபத்து மூன்று என்றால் அதை மூடுவதற்கு முப்பத்திரண்டைத் தர மாட்டார். பதற்றத்தில் முன்னுக்குப் பின்னாகப் பார்த்துவிடுவார்கள் என்பார்.

முதலாளிக்கு எண்கணித ஜோசியத்தில் நம்பிக்கை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். பாய்லரைப் பற்றவைக்கும் வேலைக்கு ஒன்பதாம் எண்தான் ராசி என்று ஜோசியர் சொல்லிவிட்டார். ஒன்பதை ஒரு கையால் காட்ட முடியாது என்று எஸ்தர் சொல்ல, முதலாளி முகம் சுருங்கியது. எங்கே வேலை போய்விடப் போகிறதோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அலட்டிக்கொள்ளாமல் நாற்பத்தைந்தைக் கொடுத்தார். "நாலும் அஞ்சும் ஒம்போது சார். ஜோசியருக்கும் திருப்தி, அஞ்சலை அக்காவுக்கும் திருப்தி" என்றார். முதலாளி அதை ஜோசியரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

என்னோடும் சண்டைதான். அவருடைய எண்ணைப் பார்த்து இது எந்த இயந்திரம், எந்தக் கட்டடம் என்று எதையும் கண்டுபிடிக்க முடியாது. பாய்லர் சம்பந்தப்பட்டதையெல்லாம் நாற்பதில் ஆரம்பித்தால் பார்த்ததும் தெரியுமே என்றேன். "நம்பருக்குள்ள அர்த்தத்த வைக்காதீங்க சார்" என்றார். "இன்னைக்கு பாய்லர் இங்க இருக்கு. நாளைக்கு இடம் மாத்துவீங்க, வேற வாங்குவீங்க. அர்த்தம் மாறுச்சுன்னா நம்பரையும் மாத்தணும்னு உங்களுக்குக் கை அரிக்கும். அது பாட்டுக்கு வெறும் நம்பரா இருந்துட்டுப் போகட்டுமே." எனக்கு அப்போது கோபம் வந்தது. என் கையைப் பற்றி அவர் அன்றைக்கே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். ஒரு வேலை ஆலையை விட்டே போய்விட்டால் அதன் எண்ணும் அதோடு போக வேண்டும், வேறொரு வேலைக்குத் தரக் கூடாது. நெல்லை மேலே ஏற்றும் பழைய வாளி எலிவேட்டரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்ட வருடம், இருபத்தொன்றாம் எண்ணுக்குரிய பக்கத்தில் 'இந்த எண் ஓய்வு பெற்றது. வேறெதற்கும் தர வேண்டாம்' என்று ஒரே ஒரு வரியை அச்சடித்து வைத்தார். காலி மனைக்குப் பட்டா போட்டு வைத்திருக்கிறீர்களே என்று நான் கிண்டல் செய்தேன். அந்த வருட ஆயுத பூஜையில் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் வைத்த கையோடு, கையேட்டைத் திறந்து அந்தக் காலிப் பக்கத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். ஆரம்பித்தவர் ஊறல் தொட்டி முருகையன். "இருபத்தொண்ணு நமக்காக உழைச்சவரு, அப்படியே விட்டுட முடியுமா?" என்றார். லுத்தரன் சபைக்காரரான எஸ்தர் ஓரமாக நின்று கண்ணில் நீர் வரச் சிரித்து, சுண்டலை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். முருகையனைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்களில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். அவருடைய அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர். ஊரில் அவருக்கு ஒரு மனைப்பட்டா கிடைத்தது. அந்தக் குடும்பத்தின் பெயரில் முதன்முதலாக எழுதப்பட்ட நிலம். சில வருடம் கழித்து மறு அளவை வந்து சர்வே எண்கள் எல்லாம் மாறின. அவர் கையில் இருந்த தாளில் பழைய எண், பதிவேட்டில் புது எண். இரண்டும் ஒரே இடம்தான் என்று எழுதி வாங்குவதற்காக ஒவ்வொரு ஜமாபந்திக்கும் மனுவோடு போனார். "வீடு அங்கதான் இருந்துச்சு சார், நாங்களும் அதுலதான் இருந்தோம். தாள்ல மட்டும் நாங்க எங்கயுமே இல்ல. எங்கப்பா சாவுற வரைக்கும் அந்த ரெண்டு நம்பருக்கு நடுவுலயே நின்னாரு." சொல்லிவிட்டு, மோர்க்குழம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருந்தது.

ஏழு வருடம் அந்த எண்கள் அப்படியே இருந்தன. ஆட்கள் வீட்டில்கூட எண்ணில் பேசினார்கள். அடுப்பை அணைக்கச் சொல்லி மனைவிக்கு விரலைக் காட்டிவிட்டு பாஸ்கரன் திட்டு வாங்கிய கதை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஏழு வருடத்தில் தொட்டிகளிலோ அவியல் மேடையிலோ ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதை யார் கவனிக்கிறார்கள்?

பிறகு, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குவதற்காக ஆலையைத் தணிக்கை செய்ய ஒரு குழு வருவதாக ஏற்பாடானது. அதற்கு முன்பாக எங்களைத் தயார்படுத்த வந்த ஆலோசகர் கையேட்டைப் புரட்டினார். ஆறு எங்கே, ஏழு எங்கே, பதினாறு எங்கே, பக்கங்கள் காணாமல் போய்விட்டனவா என்று கேட்டார். முதலாளியின் ஏசி அறையில், அந்த ஆலோசகரின் பளபளப்பான ஷூவுக்கு எதிரில், அஞ்சலையையும் ஏணியையும் எடுத்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "சரிபண்ணிடறோம்" என்றேன். முதலாளியும் தலையாட்டினார். கேவலம் ஒரு கூச்சத்தில் ஆரம்பித்தது எல்லாம்.

எஸ்தர் அப்போது விடுப்பில் இருந்தார். மார்பில் கட்டி. தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கையேட்டின் கோப்பு அவருடைய பாஸ்வேர்டில்தான் திறக்கும். போன் செய்தேன். உடம்பை விசாரித்துவிட்டு பாஸ்வேர்டைக் கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார். "பிரிண்ட் எடுக்கத்தான்மா" என்றேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. நான் எழுதிக்கொண்டேன்.

பத்து நாளில் முடித்தேன். வேலைகளை இயந்திரவாரியாக அடுக்கி, ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை ஓர் எண்கூட விடாமல் போட்டேன். ஓய்வு பெற்ற எண்களின் பக்கங்களை எடுத்துவிட்டேன். அட்டையில் 'தயாரித்தவர்: எஸ்தர்' என்று இருந்ததை மாற்றவில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல, மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவருடைய பாஸ்வேர்டால் திறந்த கோப்பு என்பதால் கம்ப்யூட்டரும் ஒவ்வொரு மாற்றத்துக்கு நேராகவும் அவர் பெயரையே பதிந்துகொண்டது. விடுப்பில் இருந்தபடியே அவர் மாற்றி அனுப்பியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த எண்களைப் பெயர்த்துவிட்டுப் புதியவற்றை ஒட்டினோம். எல்லோரையும் கூட்டி, ஆறு முதல் ஒன்பது வரைக்கும் அதே கையைப் புறங்கையாகத் திருப்பி ஒன்று முதல் நான்கு வரை காட்டச் சொல்லி, ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துக் கையெழுத்து வாங்கினேன். தணிக்கைக் குழு கையேட்டைப் பாராட்டியது. முதலாளி என் தோளைத் தட்டினார். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

எஸ்தரின் புத்தகத்தில் முப்பத்து நான்கு என்றால் இரண்டாம் தொட்டிக்குப் போகும் நீராவியை மூடிப் பூட்டுவது. என் புத்தகத்தில் முப்பத்து நான்கு என்றால் அதே தொட்டிக்கு நீராவியைத் திறந்துவிடுவது. எண் போடும்போது எனக்கு இது தெரியாது. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவு எனக்கு இல்லை. புதுப் புத்தகம் வந்த மூன்றாவது வாரம், ஒரு காலை நேரத்தில், முருகையன் இரண்டாம் தொட்டியின் அடிக்கதவைத் திறந்து கழுவப் போனார். அதற்கு முன் மேடையில் நின்ற ஆபரேட்டரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். மூன்று விரல், பிறகு நான்கு விரல். ஏழு வருடம் பழகிய கை, என் ஒரு மணி நேர வகுப்பையா கேட்கும்? மேலே இருந்த ஆபரேட்டர் புதிதாகச் சேர்ந்தவர். புதுப் புத்தகத்தை மட்டும் படித்தவர், ஒழுங்காகப் படித்தவர். அவர் திறந்துவிட்டார்.

முருகையனுக்கு இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெந்துபோயின. பிழைத்துக்கொண்டார். ஒரு கால் இன்றைக்கும் மடங்குவதில்லை. குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்த நிலத்தையும் விட்டுவிட்டார். சேற்றில் இறங்கினால் அவரால் ஏற முடிவதில்லை.

செய்தி கேட்டு, விடுப்பு முடிவதற்கு முன்பே எஸ்தர் ஆலைக்கு வந்தார். தலையில் துணி கட்டியிருந்தார், இடது கையைத் தூக்க முடியவில்லை. புதுக் கையேட்டை என் மேசைமேல் திறந்து வைத்து, முப்பத்து நான்கின் மேல் விரலை வைத்தார். "இதுக்கா சார் பாஸ்வேர்டு கேட்டீங்க?" வேறெதுவும் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். அந்த ஆமாமை என் அறைக்குள், கதவு சாத்தியிருந்தபோது மட்டும்தான் சொன்னேன்.

விசாரணை முதலாளி அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், உங்கள் சார்பில் இருவர் இருந்தார்கள். அட்டையில் இருந்த பெயரையும் கம்ப்யூட்டர் பதிவையும் காட்டி, இவையெல்லாம் நீங்கள் செய்த மாற்றங்கள்தானா என்று எஸ்தரைக் கேட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். நான் பேசியிருக்கலாம். முதலாளியும் பேசியிருக்கலாம், அவருக்கும் எல்லாம் தெரியும். என் மகளின் கல்யாணப் பத்திரிகை அந்த வாரம்தான் அச்சாகி வந்திருந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "புத்தகத்துல என் பேரு இருக்கு. பொறுப்பு என்னுதுதான்" என்றார் எஸ்தர். 'நான்தான் மாற்றினேன்' என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பொய்யை அவர் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

அவரை எடை மேடைக்கு மாற்றினார்கள். லாரி நம்பரை எழுதிக்கொண்டு சீட்டு கொடுக்கிற வேலை. அஞ்சலை மட்டும் தினமும் டீ கொண்டுபோய்க் கொடுப்பார். மற்றவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். "உடம்பு சரியில்லாதவங்க வீட்ல படுத்துக்கிட்டே நம்பர மாத்துனா இப்படித்தான் ஆவும்" என்று அவர் காதில் விழும்படியே ஒருவர் சொன்னதை நானும் கேட்டேன். சொன்னவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உங்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியவன் நான், அன்றைக்கு அந்தப் பக்கமாகத்தான் நடந்து போனேன்.

போன மார்கழியில், நோய் திரும்பி வந்து அவர் மறுபடியும் தஞ்சாவூரில் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். கையில் ஒரு கட்டுப் புத்தகம். அவருடைய பழைய கையேட்டை அப்படியே புதிதாக அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். அவர் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு மருந்து வாங்க வெளியே போனார்.

"எஸ்தர், உங்க நம்பர் எல்லாத்தையும் திரும்பக் கொண்டுவந்துடறேன். முதலாளிகிட்டப் பேசிட்டேன். தை மாசத்துலேர்ந்து பழைய புத்தகம்தான்" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமைகூட இருந்திருக்கும்.

"வேணாம் சார்" என்றார்.

"ஏன்?"

"ரெண்டு வருசமா அவங்க கை புதுசுக்குப் பழகிடுச்சு. இப்பப் போயி மாத்துனா, பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. நீங்க சரி பண்றேன்னு இன்னொருத்தர் கால வேக வச்சிடாதீங்க."

"அது தப்பான நம்பர் எஸ்தர். நான் போட்டது."

"தப்பா இருந்தாலும் இப்ப அதான் சார் நம்பரு. இனிமே யாரும் தொடாமப் பாத்துக்குங்க. அது போதும்."

அன்றைக்கு விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இரண்டு வருடம் கழித்துக் கேட்கிற கேள்வி. "சொல்லியிருந்தா உங்கள அனுப்பியிருப்பாங்க. புதுசா ஒருத்தர் வந்திருப்பாரு. வந்ததும் மொத வேலையா அவர் என்ன சார் செய்வாரு?" என்றார். எண்ணை மாற்றுவார் என்றேன். "ம்" என்று கண்ணை மூடிக்கொண்டார். அது முழுக் காரணம் என்று நான் நம்பவில்லை. மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. செய்ததைத் திருத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று போனவன், அந்தப் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்பி வந்தேன். அவர் சொன்னது நியாயம். அதை மீறவும் முடியாது.

அடக்கம் நடந்த அன்று தை அறுவடை உச்சத்தில் இருந்தது. நெல் லாரிகள் ரோடு வரைக்கும் நின்றதால் ஆலையை நிறுத்தவில்லை. ஷிஃப்ட் இல்லாத பத்துப் பேர்தான் வந்திருந்தோம். சபை ஐயர் ஜெபம் முடித்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டு, கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது வாசலில் முருகையன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, உள்ளே இருந்ததைக் கவனிக்கவும் இல்லை. "நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன் சார்" என்றார். "மனசுல இருந்ததையும் அங்கேயே போட்டுட்டேன். அந்தம்மாவ மன்னிச்சிட்டேன்." அப்போதும் நான் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு நல்ல மனசு என்றேன்.

உங்களுக்குத் தெரியட்டும்: எண்களை மாற்றியது நான். எஸ்தர் அல்ல. முதலாளிக்கும் இதன் ஒரு பிரதியை அனுப்பியிருக்கிறேன், அதனால் இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது நான் ஆலையில் இருப்பேனா என்று தெரியாது. என் இடத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் அவரை எண்களைத் தொட விடாதீர்கள். எவ்வளவு அழகான காரணம் சொன்னாலும் விடாதீர்கள்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான், இதை உங்களுக்கு முன்பாகக் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்பது உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை முருகையன் வீட்டுக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். வாசித்து முடித்ததும் முருகையன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மடங்காத காலைத் தடவிக்கொண்டார்.

"அந்தம்மா இங்க மூணு தடவ வந்தாங்க, தெரியுமா உங்களுக்கு?" என்றார். எனக்குத் தெரியாது. "மொத தடவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். ரெண்டாம் தடவ எந்திரிச்சுப் போங்கன்னேன். மூணாம் தடவ உள்ளதான் படுத்திருந்தேன், நான் இல்லன்னு சொல்லச் சொன்னேன் இவள. நல்ல வெயிலு. அந்தப் பூவரச மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாங்க. ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கால மடக்கி நீட்டிப் பழகுறீங்களா, எண்ணெய் போடுறீங்களான்னு கேப்பாங்களே தவிர, நான் செய்யலன்னு ஒரு வார்த்த சொல்லல சார்."

அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னேனே. நான் யாரு அவங்கள மன்னிக்கிறதுக்கு?" என்றார் முருகையன். "இப்ப நான் யாருகிட்டப் போயி மன்னிப்புக் கேக்குறது?"

"எனக்கும் அதேதான் முருகையன்" என்றேன். "எனக்கும் போயிக் கேக்க ஆள் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கு இன்னைக்குத்தான் சார் தெரியும். உங்களுக்கு ரெண்டு வருசம் இருந்துச்சே."

எஸ்தரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வருடம்தான்.